தேர்தல் சீர்திருத்தம்: ஆங்கிலத்தில் ஒரு திசை, போர்த்துகீசியத்தில் மறு திசை

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் 'எலக்டோரல் ரிஃபார்ம்' என்பதும் போர்த்துகீசிய மொழியில் 'ரெஃபோர்மா எலெய்டொரால்' என்பதும் ஒரே பொருள் தருபவையா? இரண்டையும் தமிழில் 'தேர்தல் சீர்திருத்தம்' என்று போட்டுவிட்டால் போதுமா?

அகராதிப்படி இரண்டும் ஒன்றுதான், தேர்தல் சட்டத்தைத் திருத்துவது. ஆனால் லண்டனில் ஒருவர் இதைச் சொல்லும்போது அவர் மனத்தில் இருக்கும் மாற்றமும், பிரசிலியாவில் ஒருவர் சொல்லும்போது அவர் மனத்தில் இருக்கும் மாற்றமும் பல நேரங்களில் எதிரெதிராகப் போகின்றன. பிரிட்டனில் தொகுதி முறையை (தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி) கைவிட்டு விகிதாசாரத்துக்கு (வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம்) போவது சீர்திருத்தம். பிரேசிலில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் விகிதாசாரத்தில் இருந்து அலுத்துப்போன பலருக்குத் தொகுதி முறையைக் கொண்டுவருவதே சீர்திருத்தம். எனவே சொல்லை மட்டும் பெயர்த்தால் போதாது. எந்த விதி, எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகருக்கு விஷயம் போய்ச் சேரும்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க 'ரிஃபார்ம்' என்றால் யாருக்கு வாக்கு, எந்த ஊருக்கு உறுப்பினர் என்ற கேள்விதான். 1832க்கு முன்னால் ஓல்டு சேரம் என்ற ஆளில்லாத மேடு இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆலைகள் நிறைந்த மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. 1832 சட்டம் 56 சிற்றூர்களின் பிரதிநிதித்துவத்தை அடியோடு நீக்கியது. பிறகு 1867, 1884 சட்டங்கள் வாக்குரிமையை விரித்தன. 1872இல் ரகசிய வாக்கு வந்தது. 1918இல் 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும், சில தகுதிகள் உள்ள 30 வயதுப் பெண்களுக்கும் வாக்கு; 1928இல் இருபாலருக்கும் சமமாக. இந்தக் காலத்து எழுத்தில் இச்சொல் வந்தால் 'வாக்குரிமை விரிவாக்கம்' என்று பெயர்ப்பதுதான் சரி.

வாக்குரிமைச் சண்டை முடிந்த பிறகு சொல் வேறொன்றின் மேல் போய் உட்கார்ந்தது. விழுந்த வாக்கை இடமாக மாற்றும் சூத்திரம் எது என்பதே அது. 1884இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவச் சங்கம் என்று தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் 'எலக்டோரல் ரிஃபார்ம் சொசைட்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று ஒரு பிரிட்டிஷ் நாளேடு இந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டால், முந்தி வருபவரே வெற்றி என்ற முறையை மாற்றுவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறது. ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்பதற்கு 2024 பொதுத்தேர்தல் போதும். தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 650இல் 411 இடம் பிடித்தது. 'ரிஃபார்ம் யூகே' கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடம்தான் பெற்றது. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்களுக்கு 72 இடம். ஒரு கட்சியின் வாக்கு சில தொகுதிகளில் குவிந்திருந்தது, இன்னொன்றின் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். அந்தக் கட்சியின் பெயரில் 'ரிஃபார்ம்' இருப்பதால், அதன் செய்திகளை மொழிபெயர்க்கும்போது 'சீர்திருத்தக் கட்சி' என்று எழுதிக் குழப்ப வேண்டாம். பெயரைப் பெயராகவே விட்டுவிடுவது நல்லது.

2011 மே 5இல் பிரிட்டன் இதற்காக ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தியது. 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அன்று மக்கள் முன் வைக்கப்பட்டது விகிதாசாரம் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே தொகுதிக்குள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதும் மாற்று வாக்கு முறைதான் வைக்கப்பட்டது. எனவே '2011இல் பிரிட்டிஷ் மக்கள் விகிதாசாரத்தை நிராகரித்தார்கள்' என்று எழுதினால் அது தகவல் பிழை. அதே நாட்டுக்குள் ஸ்காட்லாந்து சட்டமன்றம் 1999 முதல் கலப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது: 73 தொகுதி உறுப்பினர்கள், கட்சிப் பட்டியலிலிருந்து வரும் 56 உறுப்பினர்கள். வட அயர்லாந்தில் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு, அதாவது பல உறுப்பினர் தொகுதியில் விருப்ப வரிசை எழுதும் முறை. 18 தொகுதிகளில் தலா ஐவர்.

முழு மாற்றத்தைச் செய்து முடித்த ஆங்கிலம் பேசும் நாடு நியூசிலாந்து. 1978இலும் 1981இலும் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார நேர்ந்தது. 1986இல் அரச ஆணையம் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1992இல் வழிகாட்டும் வாக்கெடுப்பு, 1993இல் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு, அதில் 53.9 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஆதரவு தந்தார்கள். முதல் தேர்தல் 1996இல். கனடாவில் ஜஸ்டின் ட்ரூடோ 2015இல் அதே வாக்குறுதியோடு வந்தார், 2017 பிப்ரவரியில் கைவிட்டார். அமெரிக்காவில் சொல் இன்னும் அகலமானது: தொகுதி எல்லையை வளைத்து வரைவது, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு, பிரசாரப் பணம், வாக்காளர் பதிவு எல்லாம் அதற்குள் அடங்கும். அமெரிக்கக் கட்டுரையில் அடுத்த வரியைப் படிக்காமல் இச்சொல்லின் பொருளை முடிவு செய்ய முடியாது.

இனி போர்த்துகீசியம். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, பிரேசிலில் இந்தச் சொல் தனியாக வருவது குறைவு. 'ரெஃபோர்மா பொலிட்டிகா' என்ற பெரிய குடையின் கீழ்தான் வரும். அரசியல் சீர்திருத்தம் என்று நேராகப் பெயர்த்தாலும், பத்தில் ஒன்பது தடவை உள்ளே இருப்பது தேர்தல் முறை, கட்சி விதி, பிரசார நிதி ஆகியவைதான். அதற்குக் கீழே 'மினிரெஃபோர்மா எலெய்டொரால்', அதாவது குட்டித் திருத்தம். 2006, 2009, 2013, 2015 என்று அடுத்தடுத்து வந்த சட்டங்களை அங்குள்ள பத்திரிகைகள் இப்படித்தான் அழைத்தன. 2006 சட்டம் பிரசாரத்தில் இலவசக் கச்சேரி, டி-ஷர்ட், தொப்பி, சாவிக்கொத்து கொடுப்பதை நிறுத்தியது. 2015 சட்டம் பிரசார காலத்தை 90 நாளிலிருந்து 45 நாளாக வெட்டியது. ஆங்கிலப் பொருளோடு ஒப்பிட்டால் இவை வெறும் நடைமுறை விதிகள். பிரேசிலியருக்கு இவையும் தேர்தல் சீர்திருத்தமே.

பழைய எழுத்தில் வந்தால் பொருள் மறுபடியும் மாறும், அதுவும் தலைகீழாக. 1881இன் சரைவா சட்டம் பிரேசில் வரலாற்று நூல்களில் தேர்தல் சீர்திருத்தம் என்றே பெயர் பெற்றிருக்கிறது. அது நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தது. கூடவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குப் பதிவை மூடியது. அவர்களுக்கு அந்த உரிமை திரும்பியது 1985இல்தான். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் வாக்காளரைக் கூட்டியது, பிரேசிலில் அதே காலத்துச் சீர்திருத்தம் வாக்காளரைக் குறைத்தது. 1932 சட்டத்தொகுப்பு ரகசிய வாக்கு, பெண்களுக்கு வாக்கு, தேர்தல் நீதிமன்றங்கள் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. சீர்திருத்தம் என்றால் நல்லது என்ற எண்ணத்தோடு இந்த நூல்களைத் தொடக்கூடாது.

இன்றைய சண்டை எதைப் பற்றியது என்று புரிய, பிரேசிலின் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கீழவையில் 513 இடம். ஒவ்வொரு மாநிலமும் ஒரே பெரிய தொகுதி. குறைந்தது 8, அதிகபட்சம் 70 உறுப்பினர்கள். வாக்காளர் ஒரு வேட்பாளரின் எண்ணையோ கட்சியின் எண்ணையோ அழுத்துவார். எதை அழுத்தினாலும் வாக்கு முதலில் கட்சிக்குப் போய்ச் சேரும், பிறகுதான் கட்சிக்குள் யார் என்ற கேள்வி. இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம், விருப்பு வாக்கு என்றால் போதும். தமிழ்நாட்டு வாசகருக்கோ தொகுதி என்ற பழக்கத்தை முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு கற்பனை மாநிலம்: 10 இடம், செல்லுபடியான வாக்கு 10 லட்சம். வாக்கை இடத்தால் வகுத்தால் தேர்தல் ஈவு, இங்கே 1 லட்சம். வகுத்ததில் பின்னம் வந்தால் அரையும் அதற்குக் கீழும் விடப்படும், அரைக்கு மேல் போனால் ஒன்றாகும். கட்சி அ 4.3 லட்சம், ஆ 2.8 லட்சம், இ 1.9 லட்சம், ஈ 85 ஆயிரம், உ 15 ஆயிரம் என்று வைப்போம். ஈவால் வகுத்துப் பின்னத்தைத் தள்ளினால் அ-வுக்கு 4, ஆ-வுக்கு 2, இ-க்கு 1. ஏழு இடம் போக மூன்று மிச்சம். மிச்சத்துக்குச் சராசரி பார்ப்பார்கள்: கட்சியின் வாக்கை, அது ஏற்கெனவே பெற்ற இடத்தோடு ஒன்று கூட்டி வகுப்பது. இ 95 ஆயிரம், ஆ 93,333, அ 86 ஆயிரம். ஒரு சுற்றுக்கு ஓர் இடம். ஈவை எட்டாத கட்சிக்குப் பழைய விதியில் மிச்சத்திலும் பங்கில்லை என்பதால் ஈ வெளியே. முடிவு: அ 5, ஆ 3, இ 2.

இப்போது கட்சி அ-வின் உள்ளே பாருங்கள். ஒரு பிரபலம் மட்டும் 3.6 லட்சம் வாங்கியிருக்கிறார். அடுத்தவர் 25 ஆயிரம், பிறகு 18 ஆயிரம், 9 ஆயிரம், 8 ஆயிரம். கட்சிக்கென்று நேராக விழுந்தது 10 ஆயிரம். பழைய விதிப்படி 8 ஆயிரம் வாங்கியவரும் உறுப்பினர். இப்படி மற்றவரை இழுத்துவருகிறவருக்கு அங்கே 'புஷடோர் டி வோட்டோஸ்' என்று பெயர், வாக்கு இழுப்பவர். இது வெறும் கற்பனை அல்ல. 2002இல் சாவோ பாவ்லோவில் எனெயாஸ் கார்னெய்ரோ 15.7 லட்சம் வாக்கு வாங்கினார். அவருடைய சிறிய கட்சி ஆறு இடம் பிடித்தது, அவர்களில் ஒருவர் வாங்கியது 275 வாக்கு. 2010இல் கோமாளி நடிகர் டிரிரிக்கா 13.5 லட்சம் வாங்கி, தன்னோடு மேலும் சிலரை உள்ளே கொண்டுவந்தார். யாரோ ஒருவருக்குப் போட்ட வாக்கு, பெயர்கூடத் தெரியாத இன்னொருவரை நாடாளுமன்றத்தில் உட்கார வைக்கிறது என்ற கோபம்தான் அங்குள்ள சீர்திருத்தப் பேச்சின் அடிநாதம். ஆங்கில நாடுகளின் கோபம் இதற்கு நேர் எதிர்: கட்சிக்குப் போட்ட வாக்கு எங்குமே சேராமல் வீணாகிறது என்பது.

2015இல் வந்த திருத்தம் இங்கேதான் கை வைத்தது. ஈவில் 10 சதவீதத்தையாவது சொந்தமாக வாங்கியவர் மட்டுமே வெல்லலாம். 2017இல் ஈவை எட்டாத கட்சிக்கும் மிச்ச இடத்தில் போட்டியிடும் வழி திறந்தது. 2021இல் மிச்ச இடத்துக்குக் கட்சி ஈவில் 80 சதவீதமும், வேட்பாளர் 20 சதவீதமும் எட்டியிருக்க வேண்டும் என்று ஆயிற்று. நம் கணக்கை மறுபடி போடுவோம். மற்ற கட்சிகளில் 20 ஆயிரம் தாண்டிய வேட்பாளர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்று கொள்வோம். அ-வில் 10 ஆயிரம் தாண்டியவர்கள் மூவர்தான், எனவே நான்காவது இடம் நழுவுகிறது. மிச்சம் நான்கு. அ-வின் சராசரி 1,07,500, எல்லாரையும்விட உயரம். ஆனால் 20 ஆயிரம் வாங்கி இன்னும் வெல்லாத ஆள் அங்கே இல்லை, அதனால் போட்டியில் இல்லை. முதல் மிச்ச இடம் இ-க்கு, இரண்டாவது ஆ-வுக்கு, மூன்றாவது 85 ஆயிரத்தோடு ஈ-க்கு, நான்காவது 70 ஆயிரம் சராசரியோடு மறுபடி ஆ-வுக்கு. முடிவு: அ 3, ஆ 4, இ 2, ஈ 1. ஒரு வாக்குகூட மாறவில்லை, விதிதான் மாறியது, பெரிய கட்சி இரண்டாவது இடத்துக்கு இறங்கிவிட்டது.

இந்த 80, 20 விதி நீதிமன்றத்திலும் சிக்கியது. அந்த வாசல்களை எட்டிய கட்சி யாரும் மீதமில்லாத கடைசிக் கட்டத்தில் எல்லாக் கட்சிகளும் போட்டியிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. 2025 மார்ச்சில் அது 2022 தேர்தலுக்கும் பொருந்தும் என்று முடிவாகி, பதவியில் இருந்த ஏழு உறுப்பினர்களின் இடம் கை மாறியது. எனவே 2022 முடிவுகளைப் பற்றிய பழைய அட்டவணையை அப்படியே எடுத்து எழுதினால் பிழை வரும்.

இன்னொரு பெரிய மாற்றம் 2017இன் 97ஆம் அரசியலமைப்புத் திருத்தம். விகிதாசாரத் தேர்தலில் கட்சிக் கூட்டணியை அது 2020 முதல் தடை செய்தது. கொள்கையே ஒட்டாத இரண்டு கட்சிகள் கணக்குக்காகச் சேர்ந்து, ஒன்றின் வாக்கு மற்றதன் ஆளை வெல்ல வைப்பது அதோடு நின்றது. சிறு கட்சிகளுக்கு 'கிளாவுசுலா டி டெசெம்பென்யோ' என்ற செயல்திறன் வாசலையும் வைத்தது. 2018இல் 1.5 சதவீதம், 2022இல் 2, 2026இல் 2.5, 2030இல் 3 என்று படிப்படியாக ஏறும் வாசல் இது. வாக்கு மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களிலாவது பரவியிருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வேண்டும், 2026க்கு 13 பேர். இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குகிறார்கள். இதை ஆங்கிலத்தில் 'த்ரெஷோல்ட்' என்று போட்டுவிட்டால், வாசலைத் தாண்டாத கட்சிக்கு இடமே கிடைக்காது என்று தோன்றும். நியூசிலாந்தின் 5 சதவீதம் அப்படித்தான், ஒரு தொகுதியையாவது வெல்லாத கட்சிக்கு. பிரேசிலில் வென்ற இடம் கட்சியிடமே இருக்கும். இழப்பது கட்சி நிதியும் இலவச வானொலி, தொலைக்காட்சி நேரமும். 2018இல் 30 கட்சிகள் கீழவைக்குள் வந்திருந்த நாட்டில், காசை நிறுத்திக் கட்சிகளை இணைய வைப்பதே நோக்கம். எனக்கு இது நேர்மையான வழியாகவே படுகிறது. வாக்காளர் தந்த இடத்தைப் பறிக்காமல் பெயரைக் காசுக்கு விடும் வாடகைக் கட்சிகளை வற்றவிடுகிறது.

பணமும் அங்கே தேர்தல் சீர்திருத்தத்தின் உள்ளேதான். நிறுவனங்கள் பிரசாரத்துக்கு நன்கொடை தருவதை உச்ச நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தடை செய்தது. அந்த ஓட்டையை அடைக்க 2017இல் அரசுப் பணத்தில் பிரசார நிதி உருவானது. 2018இல் ஏறக்குறைய 170 கோடி ரியால் (பிரேசில் நாணயம்), 2022இல் ஏறக்குறைய 490 கோடி ரியால். பெண் வேட்பாளர் 30 சதவீதம் என்ற விதியும் இதில் சேரும். அதை ஏமாற்றப் பேருக்கு நிறுத்தப்படும் பெண் வேட்பாளர்களுக்கு 'லராஞ்ஜா' என்று பெயர். நேர்ப்பொருள் ஆரஞ்சு, பேச்சு வழக்கில் பினாமி. இதைத் தமிழில் ஆரஞ்சு வேட்பாளர் என்று எழுதியதைப் பார்க்கிற வாசகர் என்னதான் புரிந்துகொள்வார்? டம்மி வேட்பாளர் என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. மோசடி உறுதியானால் தேர்தல் நீதிமன்றம் அந்தக் கட்சியின் முழுப் பட்டியலையும் ரத்து செய்துவிடும்.

போர்ச்சுகலுக்கு வந்தால் மொழி ஒன்று, நோய் வேறு. அங்கே 230 உறுப்பினர்கள், 22 தொகுதிகள்: 18 மாவட்டங்கள், அசோரஸ், மடைரா, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இரண்டு. பட்டியல் மூடியது, வாக்காளர் கட்சியை மட்டும் தேர்ந்தெடுப்பார், ஆள் வரிசை கட்சி தீர்மானித்தது. பிரேசிலில் ஆள் முன்னால் வந்து கட்சி தேய்கிறது என்று புலம்பல். போர்ச்சுகலில் கட்சியே எல்லாம், என் உறுப்பினர் யார் என்றே தெரியவில்லை என்று புலம்பல். அதனால் அங்கே சீர்திருத்தம் என்றால் ஒன்று, ஒற்றை உறுப்பினர் தொகுதிகளைக் கலப்பது. 1997 அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு இடம் தந்தது. 1998இல் அரசு கொண்டுவந்த திட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் விழுந்தது. இன்னொன்று, சின்ன மாவட்டங்களில் வீணாகும் வாக்கைச் சேர்த்து எண்ண ஈட்டுத் தொகுதி வைப்பது. அசோரஸ் பிராந்தியச் சட்டமன்றம் 2008 முதல் அப்படி 5 இடத்தை ஒதுக்கிவைத்திருக்கிறது. தேசிய அளவில் இன்னும் வரவில்லை. 2022இல் சி.டி.எஸ். கட்சி 1.6 சதவீத வாக்கோடு ஓர் இடமும் பெறவில்லை. அதைவிடக் குறைவாக 1.3 சதவீதம் வாங்கிய லீவ்ரி கட்சிக்கு லிஸ்பனில் ஓர் இடம் கிடைத்தது. ஒன்றின் வாக்கு மாவட்டம் மாவட்டமாகச் சிதறியது, மற்றதன் வாக்கு பெரிய தொகுதியில் திரண்டது.

அதே 2022இல் ஐரோப்பா வாழ் போர்த்துகீசியருக்கான தொகுதியில் தபால் வாக்குகள் குழப்பமாயின. அடையாள அட்டை நகல் வைக்காத உறைகளின் வாக்கை, நகல் வைத்தவற்றோடு சில மேசைகளில் கலந்துவிட்டார்கள். கலந்த பின் பிரிக்க வழியில்லை. அந்தத் தொகுதியின் வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் செல்லாததாகி, அரசியலமைப்பு நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு போர்த்துகீசியச் செய்திகளில் இச்சொல் வந்த பல இடங்களில் பொருள் வெளிநாட்டு வாக்கு நடைமுறையைச் சரிசெய்வது என்பதுதான்.

சொற்களில் உள்ள கண்ணிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது 'வோட்டோ டிஸ்ட்ரிட்டால்'. சொல்லைப் பார்த்தால் மாவட்ட வாக்கு. பிரேசிலில் இதன் பொருள் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், நம் இந்திய முறை. மாவட்டம் என்று பெயர்த்தால் இலங்கை வாசகர் தேர்தல் மாவட்டம் என்று, அதாவது பல உறுப்பினர் விகிதாசாரம் என்று, நேர் எதிராகப் புரிந்துகொள்வார். போர்ச்சுகலிலும் 'டிஸ்ட்ரிட்டு' என்பது பல உறுப்பினர் மாவட்டம்தான். ஒற்றை உறுப்பினர் தொகுதியை அங்கே 'சிர்க்குலு உனினொமினால்' என்பார்கள். 'டிஸ்ட்ரிட்டாவ்ங்' என்று பெரிதாக்கிச் சொல்லும் பின்னொட்டோடு வந்தால் அது வேறொன்று: மாநிலம் முழுதும் ஒரே தொகுதி, கட்சிக் கணக்கே இல்லாமல் அதிக வாக்கு வாங்கியவர்கள் வரிசையாக வெற்றி. வாக்கு இழுப்பவர் சிக்கலை அது ஒரே அடியில் தீர்க்கும்; கட்சி என்ற ஒன்றையும் சேர்த்தே தீர்த்துவிடும். 2015இலும் 2017இலும் கீழவை அதை ஏற்கவில்லை.

'ஜுஸ்டிஸா எலெய்டொரால்' என்பது தேர்தல் நீதி அல்ல, தேர்தல் நீதிமன்ற அமைப்பு. பிரேசிலில் தனித் தேர்தல் ஆணையம் கிடையாது. வாக்காளர் பதிவு, இயந்திரம், எண்ணிக்கை, வழக்கு எல்லாமே இந்த நீதிமன்றங்களின் கையில். 'பிளெபிசிட்டோ', 'ரெஃபெரெண்டோ' இரண்டுக்கும் ஆங்கிலம் 'ரெஃபரெண்டம்' என்ற ஒரே சொல்லால் சமாளித்துவிடும். பிரேசில் சட்டத்திலோ சட்டம் இயற்றும் முன் மக்களைக் கேட்பது முதலாவது, இயற்றிய பின் ஒப்புதல் கேட்பது இரண்டாவது. 'வோட்டோ நுலோ' செல்லாத வாக்கு. பாதிக்கு மேல் செல்லாத வாக்கு விழுந்தால் தேர்தலே ரத்தாகும் என்று அங்கே ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வதந்தி கிளம்பும். தவறு. சட்டம் சொல்வது, முறைகேட்டுக்காக நீதிமன்றம் செல்லாததாக்கிய வாக்கைப் பற்றி.

நம் தமிழ்ச் சொல்லுக்கும் இரண்டு கரை உண்டு. தமிழ்நாட்டில் 'தேர்தல் சீர்திருத்தம்' என்றதும் பணப்பட்டுவாடா, குற்றப் பின்னணி உள்ள வேட்பாளர், நோட்டா, வாக்குப்பதிவு இயந்திரம் என்று மனம் போகும். தொகுதி முறையை மாற்றுவது நினைவுக்கு வருவதே அரிது. 2014இல் அ.தி.மு.க. 44 சதவீத வாக்கில் 39இல் 37 மக்களவை இடம் வென்றபோதும் அது பெரிய பேச்சாகவில்லை. இலங்கையில் அதே சொல்லுக்கு முதல் பொருள் தேர்தல் முறை மாற்றம், அதுவும் விருப்பு வாக்கிலிருந்து தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறைக்கு. உள்ளூராட்சித் தேர்தல் 2018இல் அப்படி நடந்தது. ஆக, பிரிட்டிஷ் பொருளில் வரும் சொல்லுக்குத் தமிழ்நாட்டு வாசகருக்கு 'தேர்தல் முறை மாற்றம்' என்று எழுதுவது பாதுகாப்பு. பிரேசிலிய குட்டித் திருத்தங்களுக்கு 'தேர்தல் சட்டத் திருத்தம்' போதும்.

இறுதியாக, ஒரு செய்தியை மொழிபெயர்க்கும் முன் பார்க்க வேண்டியவை: எந்த நாடு, மாற்றம் எந்த அடுக்கில் (சாதாரணச் சட்டத்திலா, அரசியலமைப்பிலா), அதைச் செய்ய எவ்வளவு பெரும்பான்மை வேண்டும். பிரிட்டனில் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் போதும், எனவே அரசு நினைத்தால் முடியும். போர்ச்சுகலில் முக்கியமான தேர்தல் முறை விதிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிரேசிலில் அரசியலமைப்பைத் தொட்டால் ஐந்தில் மூன்று பங்கு, இரு அவையிலும் இரண்டிரண்டு சுற்று. கீழவையில் அது 308 வாக்கு. 2021 ஆகஸ்ட்டில் இயந்திரத்தோடு காகித அச்சும் வேண்டும் என்ற திருத்தம் 229 ஆதரவு, 218 எதிர்ப்பு பெற்றது. பெரும்பான்மை கிடைத்தும் தோற்றது. 'நிறைவேறியது' என்று அவசரத்தில் தலைப்பிட்டால் போயிற்று.

பிரேசில் செய்தி என்றால் தேதியையும் பாருங்கள். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவுப்படி, தேர்தல் நடைமுறையை மாற்றும் சட்டம் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வரும் தேர்தலுக்குப் பொருந்தாது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கையெழுத்தோடு 2010இல் வந்த 'ஃபிஷா லிம்பா', அதாவது தண்டனை பெற்றவரைப் போட்டியிலிருந்து விலக்கும் சட்டம், அந்த ஆண்டுத் தேர்தலுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சில் 6க்கு 5 என்ற கணக்கில் தீர்த்ததும் இந்தப் பிரிவால்தான். அக்டோபர் முதல் ஞாயிறு வாக்குப்பதிவு. 2026இல் அது 4ஆம் தேதி. ஆகவே 2025 அக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு அங்கே எந்த விதி மாற்றம் நிறைவேறினாலும், அது தேர்தல் நடைமுறையைத் தொடுவதாக இருந்தால் 2028 நகராட்சித் தேர்தலுக்குத்தான்.